அடிக்குறிப்பில் காணாமல் போன எஸ்தர்

இந்த வாரம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் படப்பையில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். எங்கள் பக்கத்துத் தெரு எஸ்தர் வந்தார். ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி செக்‌ஷன் வேலை. வல்லக்கோட்டையிலிருந்து வாலாஜாபாத் வரை ஏரி ஏரியாக நடந்து, அந்த ஏரிகளைப் பற்றியே பிஎச்.டி. முடித்தவர். ஷிஃப்ட் முடிந்த களைப்பு என்று நினைத்தேன். இல்லை, அழுதிருந்தார்.

"காலேஜ் வேலைக்கு இன்டர்வியூ போனேன் சார். ஒருத்தர் போன்ல விக்கிப்பீடியாவைக் காட்டி, 'இந்த ஆய்வேட்டுக்கு ஆசிரியர்னு உங்க கைடு பேர்தானே இருக்கு? அவரே எழுதிக் குடுத்துட்டாரா மேடம்'னு கேக்கறாரு. சிரிச்சிக்கினே கேக்கறாரு சார்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் நடந்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கா? எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது?

வீட்டுக்குப் போய் விக்கியைத் திறந்தேன். நம் பக்கத்து ஏரிகளைப் பற்றிப் பதினோரு கட்டுரைகள். பதினொன்றிலும் எஸ்தரின் ஆய்வேட்டுக்கு அதே அடிக்குறிப்பு, அதே தப்பு. முதலில் ஒருவர் போட்டதை மற்றவர்கள் அப்படியே காப்பி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆய்வேட்டை ஒருத்தராவது திறந்து பார்க்க வேண்டாமா? ஆண்டு, பக்க எண், காற்புள்ளி — இதெல்லாம் மட்டும் கனகச்சிதம்!

சரி, அந்த முதல் ஆள் யார்? முதல் கட்டுரையின் திருத்த வரலாற்றைப் பார்த்தேன்.

என் பயனர் பெயர்.

நூலக லிங்கைக் கொடுத்தால் அடிக்குறிப்பைத் தானாகவே வடிவமைத்துத் தரும் வசதி ஒன்று உண்டு. அது கைடின் பெயரை ஆசிரியர் இடத்தில் போட்டிருக்கிறது. நான் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டாமல் சேமித்திருக்கிறேன். விக்கியில் தமிழ் வளர்க்கிறேன் என்று இதே பத்தியில் பீற்றிக்கொண்டவன்... வெட்கமாக இருக்கிறது.

பதினொன்றையும் திருத்திவிட்டு எஸ்தரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் சமாதானம் ஆகவில்லை. ஏன் ஆக வேண்டும்?

"எங்க லைன்ல ஒரு பார்ட் தப்பாப் பூட்டா, அது எங்கெங்க போச்சின்னு தேடி நிறுத்துவோம் சார். நீங்க இன்னான்னா, பாக்காமயே ஓகே சீல் குத்திக்கினு இருந்திருக்கீங்க. விக்கியைத் திருத்திட்டீங்க, சரி. அந்த இன்டர்வியூவை எப்டித் திருத்துவீங்க?"

அன்றே கல்லூரிக்கு எழுதினேன். தவறு என்னுடையது, ஆய்வு முழுக்க எஸ்தருடையது என்று.

நேற்று பதில் வந்தது: 'தகுந்த ஆதாரம் இணைக்கவும்.'

அவரைப் பார்த்துச் சிரித்தபோது யாரிடம் ஆதாரம் கேட்டீர்கள் ஐயா?