ஆரஞ்சுச் சட்டை வரும்வரை

இதை நம்புங்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. எடின்பரோவில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவன் நான். மணி பார்ப்பதில் தவற மாட்டேன். போன டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, மாலை 3:34-க்கும் 4:09-க்கும் நடுவில் நடந்தது இது. எங்கள் ஊரில் அந்த மாதம் நாலு மணிக்கே கும்மிருட்டு.

எங்கள் நடைக்குழுவில் ஒன்பது பேர். பூங்காவில் தொடங்கி, காட்டுக்குள் புகுந்து, தண்டவாளம் பிடுங்கிய பழைய ரயில் பாதை வழியாக நகரைச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே திரும்புவோம். முன்னால் தலைவர் ஃபெர்கஸ் போவார். பாதை பிரியும் இடத்தில் தனக்கு அடுத்து வருபவரை நிறுத்திவிட்டுப் போய்விடுவார். நிற்பவர் கையை நீட்டி வழி காட்ட வேண்டும். கடைசி ஆளுக்கு ஆரஞ்சுச் சட்டை, சாலை வேலை செய்பவர்கள் போடுவது போன்றது. அவர் வந்து, "எனக்குப் பின்னால யாரும் இல்ல" என்று வாயால் சொன்னால்தான் நிற்பவர் நகரலாம். மழையோ பனியோ, அதுவரை நகரக் கூடாது.

அன்று கடைசி ஆள் நான். புதுச் சட்டையை யாரோ வீட்டிலேயே மறந்துவிட்டார்கள். ஃபெர்கஸ் தன் காரின் டிக்கியிலிருந்து பழையது ஒன்றை எடுத்தார். கொடுக்க மனமில்லாதவர் போலக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

என் மனைவி மொய்ரா இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் முதல்முறையாக நடக்க வந்திருந்தாள்.

"நான் முன்னால போறேன். அடுத்த பிரிவுல, படிக்கு மேல நான்தான் நிப்பேன்."

"இந்தக் குளிர்லயா? இடுப்பு தாங்குமா?"

"உன் வாய்க்கு என் இடுப்பு எவ்வளவோ தேவலாம். பேசாம வா."

எரிச்சலாக வந்தது. உள்ளுக்குள் பயமும் இருந்தது. இன்னொரு தடவை விழுந்தால் எழுந்து நடக்கவே மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மணி 3:34. ரயில் பாதையில் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தேன். நிமிர்ந்தபோது எல்லோரும் வளைவைத் தாண்டிப் போயிருந்தார்கள். இடது பக்க மண்மேட்டில் ஒரு பிளவு. அதன் முன்னால் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண், உள்ளே கையை நீட்டியபடி நின்றாள். எங்கள் குழுவில் யாருக்கும் நீலக் கோட்டு கிடையாது. அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. நீட்டிய கையை நம்பியே நடந்து பழகியவர்கள் நாங்கள்.

பழக்க தோஷம், சொல்லித் தொலைத்தேன். "எனக்குப் பின்னால யாரும் இல்ல."

அவள் கை மெதுவாக இறங்கியது. என் மூச்சு புகையாகப் போனது. அவள் வாயிலிருந்து புகையே வரவில்லை. முறைப்படி அவள் எனக்கு முன்னால் நடக்க வேண்டும். அசையவில்லை. நான் பிளவுக்குள் போனேன்.

சரக்… சரக்…

எனக்குப் பின்னால். சரளைக்கல் நெரியும் சத்தம். என் காலடியில் இருந்ததோ வெறும் ஈர மண்.

நின்றேன். சத்தமும் நின்றது.

மணி 3:46. எதிரே கல் சுவர். வழியே இல்லை. திடீரென்று முதுகில் குளிர் இறங்கியது. திரும்பினேன்… யாரும் இல்லை.

3:52. போன் அடித்தது. மொய்ரா.

"அங்க நின்னுக்கிட்டு என்ன பண்ற?"

"எங்க?"

"படிக்குக் கீழதான். உன் சட்டை தெரியுது. இறங்கி வான்னு கைய ஆட்டுற. படியெல்லாம் பனி உறைஞ்சு கிடக்கு, மனுஷா!"

குனிந்து பார்த்தேன்.

என் மேல் ஆரஞ்சுச் சட்டை இல்லை.

"மொய்ரா! இறங்காத! அது நான் இல்ல!"

"என்ன உளர்ற… இரு, படியேறி வருது…"

"வாயால சொல்லாம நகராத!"

போன் செத்தது.

ஓடினேன். விழுந்தேன். எழுந்து ஓடினேன்.

4:09. படிக்கு மேலே கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஓர் அடிகூட நகரவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. என்ன கேட்டும் வாய் திறக்கவில்லை.

பூங்கா வாசல் டீக்கடையில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். நீலக் கோட்டு என்றதுமே ஃபெர்கஸ் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"ரோனா டேட்," என்றார். "பதினாலு வருஷம் ஆச்சு. அப்போ நடை அந்தப் பிளவு வழியாத்தான் போகும். அவளை அங்க நிறுத்தியிருந்தோம். பனி கொட்டுச்சு. கடைசி ஆளுக்குக் குளிர் தாங்கல. பாதியிலயே பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டான்."

"அவ?"

"நின்னுக்கிட்டே இருந்திருக்கா. காலையிலதான் கண்டுபிடிச்சாங்க."

"அந்தக் கடைசி ஆள் யாரு?"

ஃபெர்கஸ் தலையைத் தூக்கவில்லை. "இன்னிக்கு நீ போட்டிருந்த சட்டை என்னோடதுதானே," என்றார்.

மறுநாள் காலை 7:15. நாயோடு நடக்கப் போனவர் ஒருவர் அந்தப் பிளவில் ஃபெர்கஸைப் பார்த்தார். காலில் வீட்டுச் செருப்பு. மேலே ஆரஞ்சுச் சட்டை. வலது கை நீட்டியபடியே விறைத்திருந்தது. குளிரில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வீட்டிலிருந்து நாலு மைல் தூரம் ஏன் வந்தார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்தச் சட்டையை நான் அவரிடம் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

சவ அடக்கம் முடிந்து வந்த அன்றுதான் மொய்ரா வாய் திறந்தாள்.

"அது என் முகத்துக்கு நேரா வந்து நின்னுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. 'ஃபெர்கஸ் எங்க?'"

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழி காட்டினேன்."