நிக்கிறாரு என்று சொன்னேன்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில், கேளம்பாக்கத்தில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தேன். ஆறு படுக்கை, ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ். சாலை நெடுகக் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கல்லூரிகளில் படிக்க ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு எடுத்துத் தங்கியிருந்தார்கள். எனக்குச் சொந்த ஊர் அச்சரப்பாக்கம். பன்னிரண்டாவது வரை தமிழில்தான் படித்தேன். பெயரும் வயதும் கேட்டுச் சீட்டு எழுதுகிற அளவுக்கு ஆங்கிலம் வரும், அவ்வளவுதான்.

ஒரு மதியம் ஷேர் ஆட்டோவிலிருந்து அப்படிப்பட்ட மாணவர்கள் இரண்டு பேர் இறங்கினார்கள். நெட்டையாக இருந்தவர் மற்றவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். நான்கு நாளாகக் காய்ச்சல் என்றார். பிடித்திருந்த கையை எடுத்தால் அந்த நோயாளி கீழே விழுந்துவிடுவார் போலிருந்தது. டாக்டர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். போனை எடுத்தேன்.

"சார், காலேஜ் பசங்க ரெண்டு பேரு வந்துகிறாங்க. வெளிநாட்டுக்காரங்க. ஒருத்தருக்குக் காய்ச்சல் நெருப்பா கொதிக்குது. கூட வந்தவரு அவரப் புடிச்சிகினு நிக்கிறாரு சார். ஆமா சார், என் எதுருலயேதான் நிக்கிறாரு. உக்காரச் சொன்னேன், நிக்கிறாரு."

"நான் சோத்துல கை வச்சா உனக்கு மூக்குல வேர்த்துடுமே" என்றார் டாக்டர். சிரித்துவிட்டேன். பேசும்போதெல்லாம் என் கண் அந்த நெட்டை மனிதர் மேல்தான் இருந்தது. போனை வைத்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

மெதுவாக, ஆங்கிலத்தில் கேட்டார். "வாட் டிட் யூ கால் மீ?"

அதில் 'கால்' என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. டாக்டரைக் கூப்பிட்டாயா என்று கேட்கிறார் என நினைத்தேன்.

"எஸ், எஸ், காலிங்" என்றேன், சிரித்த முகமாகவே.

அவர் நண்பரைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போனார். "சார், டாக்டர் கம்மிங், டென் மினிட்ஸ்" என்று பின்னாலேயே ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டோ கிளம்பிவிட்டது.

டாக்டர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். போனில் பேசியதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் இரண்டு வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்தவர்.

"கறுப்பர்களை அடிமையா வாங்கி வித்தவங்க அவங்களைக் கூப்பிட்ட ஒரு சொல் இங்கிலீஷ்ல இருக்கும்மா. அதைவிடக் கேவலமா அவங்களைத் திட்ட முடியாது. நீ சொன்ன 'நிக்கிறாரு' அவர் காதுல அப்படித்தான் விழுந்திருக்கும். அதுவும் அவரைப் பாத்துச் சொல்லி, சிரிச்சு, கேட்டதுக்கு ஆமான்னு வேற சொல்லியிருக்க."

"ஐயோ, அவர் நின்னுட்டு இருந்ததைத்தான் சார் சொன்னேன்" என்றேன்.

"உன் மேல தப்பில்ல" என்றார். "ஆனா நாலு நாள் காய்ச்சல். மலேரியாவா இருந்தா தள்ளிப்போடக் கூடாது. எங்க இருக்காங்கன்னு பார்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் விசாரித்து, ஐந்து மணிக்குள் வீட்டைக் கண்டுபிடித்தேன். மாடியில் ஒரே அறை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன். உள்ளே ஒருவர் விடாமல் முனகுவது கேட்டது.

"சார், ப்ளீஸ். டாக்டர் கம். மிஸ்டேக் சார். தமிழ் வேர்ட் சார்."

ஜன்னல் கொஞ்சம் திறந்தது. என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. "கோ அவே" என்ற குரல் மட்டும் வந்தது. எது தவறு என்று விளக்க வேண்டுமானால் அந்தச் சொல்லை நான் மறுபடியும் சொல்லியாக வேண்டும். வாய் வரவில்லை. கதவைத் தட்டிக்கொண்டே அழுதேன். கீழ்வீட்டுக்காரம்மா படியேறி வந்து, "இன்னாம்மா உனுக்கு? அவங்க இன்னா பண்ணாங்க ஒன்ன?" என்று கேட்டாள். அவர்கள் எதுவுமே செய்யவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

மறுநாள் காலை டாக்டரையே அழைத்துக்கொண்டு போனேன். கதவில் பூட்டுத் தொங்கியது. "விடிகாலைல வலிப்பு வந்துகீது. ஆட்டோ வெச்சி செங்கல்பட்டு இட்டுனு போயிட்டாரு" என்றாள் அந்த அம்மா.

டாக்டர் நடந்ததை ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு வண்டலூர் போய், அங்கிருந்து பஸ் மாறிச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். காகிதத்தை நீட்டினேன். இரண்டு முறை படித்தார். நான் எழுந்து நின்று, என் கால்களைக் காட்டி, "நிக்கிறேன்" என்றேன். உட்கார்ந்து, "உக்காருறேன்" என்றேன். பைத்தியக்காரத்தனம்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் காகிதத்தை நான்காக மடித்தார். பிறகு ஆங்கிலத்தில், எனக்குப் புரியும்வரை எளிய சொற்களாக ஒவ்வொன்றாய் நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொன்னார். "எங்கள் தெருவில் பிள்ளைகள் தினமும் என்னைப் பார்த்து ஒரு சொல் கத்துகிறார்கள். பஸ்ஸில் பெரியவர்களும் சொல்கிறார்கள். காப்பிரி. அதற்கும் நிற்பது என்றுதான் அர்த்தமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று காலையில்தான் என் மகளுக்குத் தலை வாரும்போது, "காப்பிரி மயிரு, சீப்பே எறங்க மாட்டுது" என்று சொல்லி அவள் மண்டையில் ஒரு குட்டு வைத்திருந்தேன். கறுப்பர்களை இழித்துச் சொல்லும் அந்தச் சொல்லை, சுருட்டை முடிக்காக என் அம்மா எனக்குச் சொன்னாள். அந்தச் சொல்லுக்கு ஆள் உண்டு, அந்த ஆளுக்குக் காது உண்டு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இல்லை என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். குனிந்த தலையை நான் நிமிர்த்தாததிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"உங்களை நம்புகிறேன்" என்றார். "ஆனால் நேற்று நம்ப முடியவில்லை. எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று சொல்கிறார்கள். எது திட்டு, எது திட்டில்லை என்று நான் எப்படிப் பிரிப்பது? என்னைத் திட்டுகிறவர்களிடம் இவனை எப்படி ஒப்படைப்பது? வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு இரவு தள்ளிப்போனதற்கு என்னைவிட அதிகமாக அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் அவருடைய நண்பர் இறந்துபோனார். மலேரியா மூளைக்கு ஏறியிருந்ததாம். கீழ்வீட்டுக்காரம்மா வந்து சொன்னாள். அன்று மதியமே சிகிச்சை தொடங்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"தெரியாதும்மா" என்றார். இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருப்பேன். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

கீழ்வீட்டுக்காரம்மாவிடம் தெருப் பிள்ளைகளைக் கண்டிக்கச் சொன்னேன். "வெளாட்டுக்குச் சொல்லுதுங்க. அதுங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள். எனக்கும்தான் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த நெட்டை மனிதர் வீட்டைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். இரண்டு பெரிய பெட்டிகளை மாடியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது பெட்டியின் மேல் வேறொரு பெயர் எழுதியிருந்தது. அதன் ஒரு பக்கக் கைப்பிடியை நான் பிடித்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. படிகளில் நிதானமாக இறங்கினோம். ஆட்டோவில் ஏற்றி முடித்தோம். அவர் தலையை லேசாக அசைத்தார். அது நன்றியா, போதும் என்பதா, எனக்குத் தெரியவில்லை. வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகு, மேசைக்குத் திரும்பினேன். ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். முதல் ஆளிடம் பெயர் கேட்க வாயெடுத்தேன்; என் சொல் அவர் காதில் எப்படி விழுமோ என்று தோன்றியது. சீட்டையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தி, அவரையே எழுதச் சொல்லிக் கையைக் காட்டினேன்.