மொட்டையும் இரண்டு மிஷின்களும்

கனகம்மாசத்திரம் தாண்டி இருக்கும் எங்கள் கம்பெனியின் கேன்டீனில் மேஜை துடைத்த அந்த அக்காவின் பெயரை நான் கேட்டதில்லை. ஒடிசலான உடம்பு, கையில் எப்போதும் ஈரத்துணி. வாசலில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் மிஷினைக்கூட ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் அதன் எதிரில் நிற்பார்.

மகளுக்கு உடம்பு தேறியதும் திருத்தணி மலையேறி மொட்டை போட்டு வந்தார். மிஷின் அவரை ஏற்கவில்லை.

"தெனம் பாத்துகினுதானே இருக்க, என்னைத் தெரியலையா நைனா?" என்று செக்யூரிட்டியிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியுதுக்கா. மிஷினுக்குத் தெரியலியே, நான் இன்னா பண்றது?"

முடி வளர்ந்ததும் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வளர்ந்ததும் வந்தார். கதவு திறந்தது. மதியம் வரை மேஜை துடைத்தார். கேன்டீனில் முகம் பார்த்துச் சோறு கொடுக்கும் மிஷினோ அப்படி ஓர் ஆளே இல்லை என்றது. நெடுநாள் வராதவர் என்று அதில் அவர் பெயரை நீக்கியிருந்தார்கள். அது வேறொருவர் விற்ற மிஷின். ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரியாது. நாமே திறந்து திருத்தக்கூடிய மென்பொருளாக வாங்குங்கள் என்று மிஷின்கள் வாங்கும்போதே கத்தினேன். எவன் கேட்டான்?

அக்கா அந்த மிஷினின் கண்ணாடியையும் துடைத்துப் பார்த்தார். நான் என் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"வேணாங்க சார். அது உங்க மூஞ்சிக்கு வந்த சோறு" என்று சொல்லிவிட்டு, தட்டைச் சுற்றி மேஜையைத் துடைத்தார்.