குன்றின் மேல் கச்சான் விற்றவர்

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் கோலா சிலாங்கூரில், குரங்குகள் திரியும் குன்றின் மேல் அவித்த கச்சான், அதாவது வேர்க்கடலை, விற்ற அந்த அம்மாளின் பெயரை நான் கேட்டதில்லை. ஒல்லியான உடம்பு, தலையில் துண்டு, எதிரில் ஒரு வாளி. பழைய நாளிதழைக் கூம்பாகச் சுருட்டி, அடிமுனையை இரண்டு முறை மடித்துத் தருவார். வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வழக்கம்போல் அவரிடம் இரண்டு பொட்டலம் கேட்டேன்.

"உங்களுக்கா, குரங்குக்கா?" என்றார்.

"குரங்குக்குத்தான்."

"அப்ப இல்லங்க. உங்களுக்குன்னா இங்கயே நின்னு சாப்பிட்டுட்டு, தாளக் குடுத்துட்டுப் போங்க."

பக்கத்தில் கச்சான் விற்ற இன்னொருவர் சிரித்தார். "இப்படிக் கேட்டா யாரு வாங்குவா? எல்லாரும் எங்கிட்டதான் வராங்க லா."

அம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை. "போன ஞாயித்துக்கிழமை ஒரு தாய்க்குரங்கு ரோட்டத் தாண்டுறப்ப கார்ல அடிபட்டுச்சு. பொறந்து கொஞ்ச நாளான மஞ்சக் குட்டி அது வயித்த விடவே இல்ல. செத்த கையில பொட்டலம். நான் மடிச்சது."

நின்றபடியே சாப்பிட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய வாளி ஏறக்குறைய நிறைந்தே இருந்தது.

வீட்டில் நாட்குறிப்பைப் புரட்டினேன். முந்தைய ஞாயிறு, மாலை ஐந்தரை: 'குட்டியோடு வந்த குரங்கிடம் ஒரு பொட்டலம் கொடுத்தேன்.' என் கையெழுத்துதான்.

அதை அவரிடம் சொல்லிவிடத்தான் அடுத்த வாரம் போனேன்.

"உங்களுக்கா, குரங்குக்கா?" என்றார்.

"எனக்குத்தான்" என்று மட்டும் சொன்னேன். கொடுத்தது யார் என்று அவருக்கு முன்பே தெரியுமா என்பது எனக்கு இன்றும் தெரியவில்லை.