ரஹீமோ கூஜாவோடு நடந்தது

எங்கள் குடும்பம் ஒவ்வொரு கோடையிலும் அக்‌ஷூர் அருவிக்குப் போகும். மேலே இருக்கும் பெரிய அருவியை மட்டும் யாரும் பார்த்ததில்லை. ஆற்றோரம் அரளிப்புதர் பக்கத்தில் தட்டையான பாறை கண்ணில் பட்டால் போதும், பாய் விரிந்துவிடும், கேஸ் அடுப்பு எரியும், டீயில் போடப் புதினாக்கட்டு வெளியே வரும். ஒரு தடவை டீ கொதித்துவிட்டால் எங்கள் ஆட்களைக் கிளப்ப முடியாது. சாயங்காலம் வயிற்றைத் தடவிக்கொண்டு எங்கள் ஊரான தெத்துவானுக்குத் திரும்புவோம்.

என் மனைவி ரஹீமோ பஸ் ஸ்டாண்டு வாசலில் ரொட்டி போடுகிறவள். மாவை மடித்துத் தட்டிக் கல்லில் போட்டு, நாள் முழுக்க நின்றபடியே விற்பாள். அந்த நிற்பு அவள் வலது முட்டியைத் தின்றுவிட்டது. பெருநாள் கழிந்து ஆபரேஷன், அதற்குப் பிறகு மலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்ததும், "வெள்ளிக்கிழம அக்‌ஷூர் போறோம்" என்றாள். அவ்வளவுதான்.

போனோம். வழக்கமான பாறை வந்தது. என் தம்பி முஃபத்தல் பாயை உதறினான், அடுப்பைப் பற்றவைத்தான். பையைத் துழாவினான். டீ போடும் கூஜாவைக் காணோம்.

"அண்ணே, கூஜா எங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். ரஹீமோ பாதையில் வெகுதூரம் போய்விட்டிருந்தாள். ஒரு கையில் கம்பு, இன்னொரு கையில் கூஜா.

"அண்ணி! அத வெச்சுட்டுப் போங்க!"

"டீ வேணும்னா மேல வா!"

"சட்டியில போட்டுக் குடிச்சுக்கறோம்!"

"குடி. உன் பொண்டாட்டி கேட்டா நானே சொல்றேன், சட்டியில டீ குடிச்ச பரதேசின்னு!"

முஃபத்தல் என்னைப் பார்த்தான். எங்களுக்குக் கூஜா இல்லாமல் டீ குடிப்பதும் ஒன்றுதான், செருப்பில்லாமல் கல்யாணத்துக்குப் போவதும் ஒன்றுதான். முனகிக்கொண்டே அடுப்பை அணைத்துப் பாயைச் சுருட்டினான்.

பாதை கெட்டது. எதிரே இறங்கிவந்தவர்கள் எல்லோரும், "இதோ, பத்து நிமிஷந்தான்" என்றார்கள். அவர்கள் கடிகாரத்தில் தீயை வைக்க. கரியடுப்பில் சட்டியில் கறி வேகும் கடைகளின் வாசனை வரும்போதெல்லாம் முஃபத்தல் நின்றான். அவள் நிற்கவில்லை. பாலமென்று போட்டிருந்த இரண்டு கட்டைகளில் பக்கவாட்டில் நகர்ந்து போனாள். கடைசி ஏற்றம் ஈரப்பாறை. அங்கே முட்டி மடங்கவில்லை. அவள் முகம் வெளுத்தது.

"வா, முதுகுல ஏறிக்கோ" என்றேன்.

"எத்தன வருஷமா டாக்ஸி ஓட்டிக்கிட்டு உக்காந்தே இருக்கீங்க, உங்க முதுகா? ரெண்டு பேரும் ஆத்துலதான் கிடப்போம்."

"ரஹீமோ, போதும். இது வரைக்கும் வந்ததே பெருசு."

"பாதியில திரும்பறதுதான் வருஷா வருஷம் நடக்குதே."

பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கையை ஊன்றி, நல்ல காலால் உந்தி, ஒவ்வொரு பாறையாகப் பின்பக்கமாகவே ஏறினாள். உடுப்பெல்லாம் சேறு. இறங்கிவந்த இளைஞர்கள் சிரித்தார்கள். "வழி விடுங்கப்பா, ரிவர்ஸ்ல வண்டி வருது!" என்றான் முஃபத்தல். அவளும் சிரித்தாள், நிற்காமல்.

ஆகவே அருவிக்கு முதலில் அவள் முதுகுதான் போய்ச் சேர்ந்தது. சாரல் பிடரியில் அடித்த பிறகே திரும்பினாள். செங்குத்தாக இறங்கிய தண்ணீரைப் பார்த்தாள். பக்கத்தில் போய் என்ன பேசினாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. முக்காடு நனைந்து குளிரில் பல் கிட்டும்வரை நின்றாள். நானும் நின்றேன். டீயைப் பற்றி முஃபத்தல்கூட வாய் திறக்கவில்லை.

இறங்கும்போது அவளை இரண்டு பக்கமும் தாங்கினோம். வேண்டாமென்று சொல்லவில்லை. மறுநாள் முட்டி பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. டாக்டர் கத்தினார்: "இந்தக் காலோட மலை ஏறுனீங்களா? புத்தி இருக்கா?"

ரஹீமோ அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"திட்டி முடிச்சிட்டீங்களா டாக்டர்? சரி, எப்ப அறுக்கறீங்க, தேதியச் சொல்லுங்க."