உருளும் டின்னுக்குத் தனிக் கட்டணம்

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பினாங்கிலிருந்து மேரி அக்காவின் முறுக்கு டின் ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அவர் ஒருகாலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இப்போது பினாங்கில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு, டின்னில் அடைத்து வெளியூர்களுக்கும் அனுப்பி விற்றுவந்தார். இந்த ஆண்டு, இனி அனுப்புவதில்லை என்று ஒரு குறுஞ்செய்திதான் வந்தது. மனது கேட்காமல் டிசம்பரில் ஒரு சனிக்கிழமை நானே கிளம்பிவிட்டேன்.

பட்டர்வொர்த்துக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் படகு, கட்டணம் இரண்டு மலேசிய வெள்ளி. சூலியா தெருவில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு ஆயர் ஈத்தாம் பஸ் பிடித்தேன். கொடிமலையைச் சுற்றிப்பார்க்கப் போகிற கூட்டம். கடைசிவரை நின்றுகொண்டேதான் போனேன். மழை வேறு.

அக்காவின் வீடு அங்கே ஓர் அடுக்குமாடியில் ஏழாவது மாடி. உள்ளே எண்ணெய் வாடையே இல்லை. கூட வேலை செய்த இரண்டு பெண்களையும் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

அவர் வழக்கமாகப் பார்சல் கொடுக்கும் நிறுவனம், பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலைக்கு இயந்திரம் போட்டிருக்கிறது. சதுரப் பெட்டிக்குக் கட்டணம் குறைந்தது. வட்ட டின்னுக்குத்தான் வினை.

"பெல்ட்ல வச்சா உருண்டு ஓடிடுதாம் தம்பி. கையால எடுத்து வைக்க ஆள் வேணுமாம், அதுக்கு ஆறு வெள்ளி கூட. பதினெட்டு வெள்ளி முறுக்குக்கு யாருலா அவ்ளோ குடுப்பா?"

அட்டைப் பெட்டிக்கு மாறிப் பார்த்தாராம். முறுக்கு நொறுங்கிப் போய்ச் சேர்ந்தது. சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பலர் ஒன்றும் சொல்லாமலே வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

கெப்பாலா பத்தாஸ் பக்கம் அதே நிறுவனத்தின் கிடங்கில் வேலை கிடைத்திருப்பதாகவும், திங்கட்கிழமை சேரவேண்டும் என்றும் சொன்னார். என்ன வேலை என்று கேட்டேன்.

"மெஷின் முடியாம தள்ளிவிடுறத எல்லாம் கையால எடுத்துப் பிரிக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு தேநீரோடு ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து வைத்தார். பேரங்காடியில் வாங்கிய பாக்கெட் முறுக்கு. இரண்டு தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன்.

பினாங்கிலிருந்து பார்சல் அனுப்புகிறவர்கள் விலை கேட்கும்போது எடையோடு வடிவத்தையும் சொல்லிக் கேளுங்கள். சதுரமாக இருந்தால் மிச்சம்தான். போன மாதம் நான் அதே நிறுவனத்தில் புத்தகங்கள் அனுப்பியபோது கட்டணம் குறைந்திருந்தது. ஏன் என்று யோசிக்காமல் சந்தோஷப்பட்டேன். ஆயர் ஈத்தாம் போவதென்றால் வார நாளில் போங்கள், பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். எனக்கு அது சரிப்படாது, வார நாளில் அக்கா கிடங்கில் இருப்பார். அக்காவைப் பார்க்க இனி ஞாயிறு பூசைக்குப் பிறகுதான் போகமுடியும், அதுவும் அன்றைக்கு அவருக்கு ஓவர்டைம் இல்லாவிட்டால்.