வானம் பார்த்த மிளகாய்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘இஞ்சு டேப்’ என்று பெயர். தையல்காரர். முன்னறையில் மெஷின் போட்டு நாற்பது வருஷமாகத் தைக்கிறார். தூங்கும்போதுதான் டேப் கழுத்தை விட்டு இறங்கும். எதிரே வருகிறவர் இடுப்பைப் பார்த்த மாத்திரத்தில் அரை இஞ்சு பிசகாமல் சொல்லிவிடுவார். ஆனால் ‘தப்புப் பண்ணிட்டேன்’ என்று மட்டும் அந்த வாயில் வராது. துணியைத் தவறாக வெட்டிவிட்டால் கடை கடையாக ஏறி இறங்கி, அதே துணியைத் தேடி வாங்கி வந்து, வேறொன்று தைத்துக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவர்களும் சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். இதைத்தான் நாணயம் என்று நினைத்துக்கொண்டிருந்தார் மனுஷன். நானும்தான் நினைத்தேன், என்னத்தைச் சொல்ல.

மகனுக்குக் கப்பலில் வேலை. போன இடத்தில் ஒரு தாய்லாந்துப் பெண்ணோடு பழகி, கல்யாணமும் முடித்து, அவளை எங்களிடம் கொண்டுவந்து விட்டான். திரும்பக் கப்பலேறும்போது கறாராகச் சொன்னான்.

“அவளுக்கு இங்க பிடிச்சுதுன்னா இங்கயே இருப்போம். இல்லன்னா ரெண்டு பேரும் அவ ஊரோட போயிடுவோம். உங்க கையிலதான் இருக்கு.”

ஒரே பிள்ளை. அன்றிலிருந்து, அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்பதைத் தவிர எங்களுக்கு வேறு கவலை கிடையாது.

குணத்தில் தங்கம். மூன்றே மாதத்தில் தட்டுத் தடுமாறி நம் பேச்சைப் பேச ஆரம்பித்துவிட்டாள். சாப்பாடுதான் இறங்கவில்லை. பெட்டியில் தூக்கி வந்த குட்டிக் கல்லுரலில் பூண்டையும் மிளகாயையும் போட்டு இடிப்பாள். விரலால் தொட்டு நாக்கில் வைப்பாள். முகம் விழுந்துவிடும்.

“காரம் இருக்கு அத்தை. வாசனை இல்ல. எங்க மிளகாய் வேற.”

ஒரு நாள் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். அவள் அம்மா வீட்டு மிளகாயின் விதை. பாதியை இவர் உள்ளங்கையில் கொட்டினாள்.

“சுண்டு விரல்ல பாதிதான் இருக்கும் மாமா. மேல பாத்துக் காய்க்கும்.”

அவ்வளவுதான், இவருக்குத் தலைகால் புரியவில்லை. பழைய பெயின்ட் டப்பா ஐந்தில் ஓட்டை போட்டு, மண் சலித்து, பால்கனியில் வரிசையாக வைத்தார். பத்தாம் நாள் முளை வந்தது. காலையும் மாலையும் டேப்பை வைத்து அளந்தார். கால் இஞ்சு. அரை இஞ்சு. பாசம் பொத்துக்கொண்டு வந்து, போகும்போதும் வரும்போதும் தண்ணீர் ஊற்றினார். “போதுங்க, மூச்சு முட்டிச் செத்துப்போகும்” என்று கத்தினேன். காதில் வாங்கினால்தானே.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு காலையில் அத்தனை நாற்றும் அடித்தண்டு அழுகி மண்ணோடு படுத்துவிட்டன. மருமகள் மொழி வகுப்புக்குப் போயிருந்தாள். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவள் திரும்புவதற்குள் ஐந்து நாற்றுகளோடு வந்தார். எல்லாம் அரை இஞ்சு. நாற்றுப் பண்ணையில் டேப்பை வைத்து அளந்து பொறுக்கியிருக்கிறார்!

“செடிக்காரன் சத்தியமே பண்றான். மேல பாத்துதான் காய்க்குமாம்.”

“அவகிட்ட சொல்லிடலாமே?”

“அவ்வளவு தூரத்துல இருந்து கொண்டுவந்த விதையக் கொன்னுட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்? இங்க எதுவுமே வேர் பிடிக்காதுன்னு அவ நினைச்சுட்டா?”

அந்த பயம் எனக்கும் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் காய்த்தது. மேலே பார்த்துத்தான் காய்த்தது, கொஞ்சம் குண்டு. முதல் காயை அவள் இடித்து நாக்கில் வைத்தபோது நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் மூச்சுவிடாமல் நின்றோம்.

“நல்லா இருக்கு மாமா.”

இவர் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு தினமும் பத்துக் காய் பறித்துக் கிண்ணத்தில் வைத்து அவள் கையில் கொடுப்பார். அவளும் தினமும் “நல்லா இருக்கு மாமா” என்பாள்.

ஒரே ஒரு தடவை, காய்ந்த துணியை மடிக்கும்போது, என்னைக் கேட்டாள்.

“அத்தை, இது நான் குடுத்த விதைதானா?”

போகிற போக்கில் கேட்கவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“பின்ன வேற எது?” என்றேன். கொஞ்சம்கூட வாய் கூசவில்லை எனக்கு. அவள் தலையாட்டிவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த மாதம் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். ஒரு மாதம் என்றாள். மூன்று மாதம் ஆயிற்று. பிறகு மகன் போன் செய்தான். இவர் தைத்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“நாங்க அங்க வரலப்பா. இங்க அவ ஊர்லயே வீடு பாத்துட்டோம்.”

“செடியெல்லாம் காய்ச்சுக் குலுங்குதுடா. அவளுக்காகத்தான...”

“அது அவ செடி இல்லன்னு அவளுக்கு முதல் காயிலயே தெரியும்பா. நீங்களா சொல்லுவீங்கன்னு மாசக்கணக்கா காத்துட்டு இருந்தா. அப்புறம் அம்மாகிட்ட நேராவே கேட்டா. மிளகாய் ஒரு விஷயமே இல்லப்பா. ‘அந்த வீட்டுல எல்லாரும் என்கிட்ட நல்லா சிரிக்கிறாங்க, யாரும் நிஜம் பேச மாட்டேங்கறாங்க. எனக்கும் தினம் பொய் சொல்லிப் பழகிடுச்சு, பயமா இருக்கு’ன்னு அழுதா.”

மெஷின் நின்றது. போனை வைத்தேன்.

மறுநாள் அவள் அலமாரியை ஒழித்தேன். அடித்தட்டில், விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே அந்தப் பொட்டலம் இருந்தது. மீதிப் பாதி விதை. கொடுக்கும்போது பாதிதான் கொடுத்தாள் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவே இல்லை. அன்றைக்குத் துணி மடிக்கும்போது, “இல்லம்மா, அது செத்துப்போச்சு” என்று சொல்லியிருந்தால் இதை எடுத்துக் கையில் கொடுத்திருப்பாள். அவரைத் திட்டித் திட்டியே காலத்தை ஓட்டினேன். கடைசிப் பொய்யை நான்தான் சொன்னேன்.

பால்கனியில் மிளகாய் பழுத்து உதிர்ந்து கிடக்கிறது. அவருக்கு வயிற்றுப் புண், எனக்குக் காரம் ஆகாது. தொட ஆள் இல்லை.

பொட்டலத்தைக் கொண்டுபோய் மெஷின் மேல் வைத்தேன். பிரித்தார். ஒரு விதையை விரல் நுனியில் ஒட்டி எடுத்து வெகு நேரம் பார்த்தார்.

“இதையாவது போடுங்களேன். தண்ணிய நான் பாத்துக்கறேன்.”

“யாருக்கு?” என்றார்.